வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடும் முன்: அனுமதியும் வரியும் படிப்படியாக

சொந்த வீட்டையோ அதில் ஓர் அறையையோ பயணிகளுக்கு நாள் கணக்கில் வாடகைக்கு விட நினைப்பவர்கள் பெரும்பாலும் நான் தொடங்கிய வரிசையிலேயே தொடங்குகிறார்கள். முதலில் சுவருக்கு வண்ணம் பூசுவார்கள். பிறகு மெத்தையும் விரிப்பும் வாங்குவார்கள். பிறகு நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து முன்பதிவுத் தளத்தில் ஏற்றுவார்கள். முதல் விருந்தினர் வந்து போன பிறகுதான் இதற்கு அனுமதி ஏதேனும் வாங்க வேண்டுமா என்று விசாரிப்பார்கள். இந்த வரிசை தலைகீழானது. அதனால் எனக்கு ஏழு மாதங்கள் வீணாயின. ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த முன்பதிவுகளை ரத்து செய்து, விடுமுறைக்குத் திட்டமிட்டிருந்த குடும்பங்களிடம் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கட்டாமல் விட்டிருந்த வரியைத் தாமதக் கட்டணத்தோடு கட்டினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விதிகள் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே மாநிலத்துக்குள் ஊருக்கு ஊர் மாறுகின்றன. ஆயினும் அலுவலகங்கள் கேட்கும் கேள்விகள் எல்லா இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அந்தக் கேள்விகளை எந்த வரிசையில் எதிர்கொள்ள வேண்டும் என்பதைக் கீழே தருகிறேன். இடையிடையே வரும் ஊர்ப் பெயர்கள் எடுத்துக்காட்டுகள். உங்கள் ஊருக்கான விடையை உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தின் தற்போதைய விதியில்தான் பார்க்க வேண்டும்.

1. 'குறுகிய காலம்' என்றால் எத்தனை நாள் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

நியூயார்க் நகரத்தில் 30 நாட்களுக்குக் குறைந்த தங்கல் குறுகிய காலமாகக் கொள்ளப்படுகிறது. சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை 3 மாதங்களுக்குக் குறைவாகவும், அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டித் தந்த வீட்டை 6 மாதங்களுக்குக் குறைவாகவும் வாடகைக்கு விடுவதே கூடாது. ஆகவே அங்கே வார இறுதி வாடகை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு துறைகள் இரண்டு விதமாக நாள் கணக்கு வைத்திருப்பதும் உண்டு. கட்டடப் பயன்பாட்டை முடிவு செய்யும் திட்டமிடல் துறை ஓர் அளவு வைத்திருக்கும். வரித்துறை வேறோர் அளவு வைத்திருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் தங்கல் வரி (விருந்தினரிடம் வசூலித்து அரசுக்குக் கட்டும் வரி) 30 நாட்களுக்குக் குறைவான தங்கல்களுக்கே பொருந்தும் என்றிருக்க, புளோரிடாவில் 6 மாதங்கள் வரையிலான தங்கல்களுக்கும் அத்தகைய வரி உண்டு. ஆகவே 'ஒரு மாதத்துக்கு மேல் விட்டால் தொல்லை இல்லை' என்று யாரேனும் சொன்னால், எந்தத் துறையின் விதிப்படி என்று திருப்பிக் கேளுங்கள்.

நாள் அளவை அடுத்து மூன்று கேள்விகள் உள்ளன. அந்த வீடு உங்கள் முதன்மைக் குடியிருப்பாக இருக்க வேண்டுமா? விருந்தினர் தங்கும்போது நீங்களும் அங்கே இருக்க வேண்டுமா? ஆண்டுக்கு இத்தனை இரவுகள்தான் என்று உச்சவரம்பு இருக்கிறதா? நியூயார்க்கில் உரிமையாளர் உடன் தங்கியிருக்க வேண்டும், விருந்தினர் இருவருக்கு மேல் கூடாது, அவர்களுக்கு வீட்டின் எந்தப் பகுதியையும் பூட்டி மறைக்கவும் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் உரிமையாளர் உடன் இல்லாத இரவுகள் ஆண்டுக்கு 90தான். அதோடு அவர் ஆண்டில் குறைந்தது 275 இரவுகள் அந்த வீட்டில் வசிப்பவராகவும் இருக்க வேண்டும். லண்டனில் முழு வீட்டை ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் விட வேண்டுமானால் தனியே திட்டமிடல் அனுமதி தேவை. பாரிஸில் முதன்மைக் குடியிருப்புக்கான உச்சவரம்பு 120 நாட்களாக இருந்தது. 2025 முதல் 90 ஆகக் குறைந்துவிட்டது. ஜப்பானில் 2018 ஜூன் முதல் நடப்பில் உள்ள சட்டப்படி ஆண்டுக்கு 180 நாட்கள்.

இங்கே இரண்டு இடங்களில் பலர் தவறுகிறார்கள். முதலாவது, ஆண்டு எங்கே தொடங்குகிறது என்பது. லண்டனில் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிறார்கள். ஜப்பானில் ஏப்ரல் 1 நண்பகலிலிருந்து அடுத்த ஏப்ரல் 1 நண்பகல் வரை எண்ணுகிறார்கள். இரண்டாவது, யார் எண்ணுவது என்பது. முன்பதிவுத் தளம் தன் வழியாக வந்த இரவுகளை மட்டுமே எண்ணும். இரண்டு தளங்களில் விளம்பரம் செய்து, தெரிந்தவர்கள் வழியாகச் சில விருந்தினரையும் ஏற்றால், மூன்றையும் கூட்டிப் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். அதற்கு ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: வந்த நாள், போன நாள், இரவுகள், எந்த வழியாக வந்தார்கள், அதுவரை மொத்தம் எவ்வளவு என ஐந்து பத்திகள் போட்டு வையுங்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரி என்னிடம் முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான்.

2. வீடு உங்களுடையதானாலும் சம்மதம் தர வேண்டியவர்கள் வேறு சிலர் இருக்கிறார்கள்

அரசு அலுவலகத்துக்குப் போகும் முன் இவர்களிடம் போங்கள். இவர்களில் ஒருவர் மறுத்தாலும் அரசுக்குக் கட்டிய விண்ணப்பக் கட்டணம் பெரும்பாலும் திரும்ப வராது.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் குடியிருப்போர் சங்கம். சங்கத்தின் துணைவிதிகளை முழுவதும் படியுங்கள். 'குறுகிய கால வாடகை' என்ற சொல் அதில் இல்லாமல், 'குடியிருப்புப் பயன்பாட்டுக்கு மட்டும்' என்றோ 'வாடகை ஒப்பந்தம் குறைந்தது இத்தனை மாதங்களுக்கு' என்றோ ஒரு வரி இருந்தாலே அது உங்களைத் தடுத்துவிடும். ஸ்பெயினில் 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட விரும்புபவர் கட்டட உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினரின் ஒப்புதலை முன்கூட்டியே பெற வேண்டும் என்று சட்டமே ஆகிவிட்டது. சட்டம் அப்படிக் கேட்காத ஊரிலும் எழுத்துப்பூர்வமான சம்மதத்தை வாங்கி வைத்துக்கொள்வதே நல்லது.

சம்மதக் கடிதத்தின் வாசகத்தைக் கவனியுங்கள். எனக்கு முதலில் கிடைத்த கடிதத்தில் 'இவர் தம் வீட்டை வாடகைக்கு விடுவதில் சங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை' என்று மட்டுமே எழுதியிருந்தார்கள். உள்ளாட்சி அலுவலகத்தில் அதை ஏற்கவில்லை. வாடகைக்கு விடுவது வேறு, நாள் வாடகைக்கு விருந்தினரை ஏற்பது வேறு என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த செயற்குழுக் கூட்டம் வரை காத்திருந்து வேறு கடிதம் வாங்குவதற்குள் ஐந்து வாரங்கள் ஓடிவிட்டன. ஆகவே வீட்டு எண், தளம், அதிகபட்ச விருந்தினர் எண்ணிக்கை, 'குறுகிய காலத் தங்கல்' என்ற சொல், தீர்மான எண், கூட்டம் நடந்த நாள் ஆகிய ஆறும் இடம்பெறும்படி நீங்களே வரைவு எழுதிக்கொண்டு போங்கள்.

வீட்டின் மேல் அடமானக் கடன் நிலுவையில் இருந்தால் கடன் ஒப்பந்தத்தைப் படியுங்கள். உரிமையாளரே குடியிருப்பதற்கென்று குறைந்த வட்டியில் கொடுத்த கடனாக இருந்தால், வாடகைக்கு விட வங்கியின் ஒப்புதல் தேவைப்படலாம். நீங்களே வாடகைதாரராக இருந்தால் உள்வாடகைக்கு விட வீட்டு உரிமையாளரின் சம்மதம் கட்டாயம் வேண்டும். உடன்பிறந்தவர்களோடு கூட்டாக உரிமை உள்ள சொத்து என்றால் ஒவ்வொருவரின் கையெழுத்தும் வேண்டும். 'அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார்' என்ற வாய்மொழி நம்பிக்கை அலுவலகத்தில் செல்லாது.

காப்பீட்டு நிறுவனத்தை மறந்துவிடாதீர்கள். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு தங்க வைக்கும் விருந்தினரால் ஏற்படும் சேதம் பெரும்பாலும் அடங்காது. அதுமட்டுமன்றி, சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டித் தீ விபத்துக்கான இழப்பீட்டையே மறுக்கவும் இடமுண்டு. விருந்தினர் வழுக்கி விழுந்தால் வரும் பொறுப்பையும் ஏற்கும் பொதுப் பொறுப்புக் காப்பீட்டைச் சேர்த்து எடுங்கள். முன்பதிவுத் தளங்கள் தரும் பாதுகாப்புத் திட்டம் இதற்கு மாற்று ஆகாது. பல ஊர்களில் உள்ளாட்சி அலுவலகம் உங்கள் பெயரிலேயே தனிக் காப்பீட்டுச் சான்றைக் கேட்கிறது.

3. ஆவணங்களை அவற்றின் ஆயுளைப் பார்த்துச் சேருங்கள்

நான் அதிக நாட்களை இழந்தது இந்தப் படியில்தான். எல்லா ஆவணங்களும் ஒரே நாளில் கையில் கிடைக்காது. கிடைத்தவையும் எந்நாளும் செல்லாது. ஆகவே அவற்றை மூன்று கட்டுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் கட்டு, காலாவதி ஆகாதவை அல்லது எளிதில் ஆகாதவை: கிரையப் பத்திரம் அல்லது உரிமைச் சான்று, கடைசியாகச் சொத்து வரி கட்டிய ரசீது, அடையாள அட்டை, வரிக் கணக்கு எண், கட்டடம் குடியிருக்கத் தகுந்தது என்று கட்டி முடித்தபோது தந்த சான்று, அறைகளின் அளவு குறித்த தளவரைபடம். பழைய வீடுகளுக்குக் கட்டட நிறைவுச் சான்று பல நேரங்களில் கையில் இருக்காது. நகல் கேட்டு விண்ணப்பிக்கவே வாரங்கள் ஆகும் என்பதால் அதை முதல் நாளே தொடங்குங்கள். அனுமதி வாங்காமல் கட்டிய மாடி அறையோ மூடிய பால்கனியோ இருந்தால் அது வரைபடத்தில் இல்லாதது ஆய்வின்போது வெளிப்படும். அதை முறைப்படுத்தும் வரை அந்த அறையை விண்ணப்பத்தில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது கட்டு, மற்றவர் கையில் இருப்பவை: சங்கத்தின் கடிதம், வங்கியின் ஒப்புதல், கூட்டு உரிமையாளர்களின் சம்மதம். இவற்றுக்கு எவ்வளவு நாள் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

மூன்றாவது கட்டு, ஆயுள் குறைந்தவை: எரிவாயு இணைப்புப் பாதுகாப்புச் சான்று, மின் இணைப்பு ஆய்வு அறிக்கை, தீப் பாதுகாப்புச் சான்று, காப்பீட்டுச் சான்று, சில இடங்களில் காவல்துறை நன்னடத்தைச் சான்று. நான் ஆர்வத்தில் இவற்றை முதலிலேயே வாங்கிவிட்டேன். சங்கத்தின் இரண்டாவது கடிதம் வந்து சேர்ந்தபோது காப்பீட்டுச் சான்றின் தேதி முடிந்திருந்தது. அதைப் புதுப்பித்தபோது எரிவாயுச் சான்று முடியும் தறுவாயில் இருந்தது. இரண்டாவது கட்டு முழுவதும் கைக்கு வந்த பிறகே மூன்றாவது கட்டுக்குப் பணம் செலவிடுங்கள்.

எந்த அளவுக்குக் கேட்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஸ்காட்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. அங்கே உரிமம் பெற ஒன்றோடொன்று இணைந்து ஒலிக்கும் தீ எச்சரிக்கைக் கருவிகள், எரிபொருள் எரியும் இடங்களில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி, ஆண்டுதோறும் எரிவாயுச் சோதனை, மின் இணைப்பு ஆய்வு அறிக்கை, குழாய் நீரில் லெஜியோனெல்லா கிருமி பரவும் அபாயம் குறித்த மதிப்பீடு, 50 லட்சம் பவுண்டுக்குக் குறையாத பொதுப் பொறுப்புக் காப்பீடு ஆகியவை கட்டாயம். உங்கள் ஊரில் இவ்வளவும் கேட்காமல் இருக்கலாம். ஆனாலும் தெரியாத மனிதர்களை இரவில் தூங்க வைக்கிறோம் என்ற எண்ணத்தோடு பார்த்தால், எச்சரிக்கைக் கருவிகளைச் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் மாட்டுவதே முறை.

பெயர்ப் பொருத்தம் தனியாகச் சொல்லத் தக்கது. தமிழர் பெயர்களில் முன்னெழுத்து ஓர் ஆவணத்தில் முன்னாலும், மற்றொன்றில் பின்னாலும், இன்னொன்றில் தந்தை பெயராக விரிந்தும் கிடக்கும். இணையவழி விண்ணப்பத்தில் கணினி இவற்றை மூன்று வெவ்வேறு மனிதர்களாகவே எடுத்துக்கொள்ளும். பத்திரம், வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, முன்பதிவுத் தளத்தின் கணக்கு ஆகிய நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன் பாருங்கள். வேறுபாடு இருந்தால் ஒரே ஆள்தான் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். வீட்டு முகவரியில் கதவு எண் பழையதா புதியதா என்பதும் இதே வகைச் சிக்கல்தான்.

4. நேரில் ஆய்வுக்கு வருபவர் எதைப் பார்ப்பார்

எல்லா ஊர்களிலும் ஆய்வு இல்லை. இருக்கும் இடத்தில் அது பெரும்பாலும் நீண்ட நேரம் நீடிக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் அலங்காரம் எதையும் பார்க்கவில்லை. நேராகக் கூடத்துக்கு வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தினார். அது அலறியது. படுக்கையறைக் கருவியும் அதே கணத்தில் அலற வேண்டும் என்று காத்திருந்தார். அது சும்மா இருந்தது. நான் இரண்டையும் தனித்தனியாக வாங்கி மாட்டியிருந்தேன், ஒன்றோடொன்று இணைக்கவில்லை. பிறகு படுக்கையறைச் சன்னலைத் திறக்கச் சொன்னார். கம்பிகள் நிலையாகப் பதித்திருந்ததால், தீப்பிடித்தால் கதவைத் தவிர வேறு வழி இல்லை என்று எழுதினார். உள்ளிருந்து சாவியின்றித் திறக்கும்படி ஒரு சன்னல் கம்பியை மாற்றிய பிறகே இரண்டாம் ஆய்வில் தேறினேன்.

மறு ஆய்வுக்குத் தனிக் கட்டணமும் தனி வரிசையும் உண்டு என்பதால், அவர் வருவதற்கு முந்தைய நாள் நீங்களே அதே நாற்காலியில் ஏறி எல்லாப் பொத்தான்களையும் அழுத்திப் பாருங்கள். தீயணைப்பானின் காலாவதித் தேதியையும் பாருங்கள். வெளியேறும் வழியைக் காட்டும் வரைபடம், அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்கள் ஆகியவை கதவின் உட்புறம் ஒட்டியிருக்க வேண்டும்.

5. பதிவு எண் வந்த பிறகே விளம்பரம்

பதிவு எண் இல்லாத விளம்பரம் முன்பெல்லாம் யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். இப்போது அப்படியில்லை. நியூயார்க்கில் 2023 செப்டம்பர் முதல், நகரத்தில் பதிவு செய்யாத வீட்டுக்கான முன்பதிவை நடத்திக் கொடுக்க ஏர்பிஎன்பி போன்ற தளங்களுக்கே அனுமதி இல்லை. இத்தாலியில் தேசிய அடையாளக் குறியீட்டை விளம்பரத்திலும் கட்டடத்தின் வெளிப்புறத்திலும் காட்டுவது 2025 ஜனவரி முதல் கட்டாயம். ஸ்பெயினில் 2025 ஜூலை 1 முதல் இணையத் தளங்களில் விளம்பரம் செய்ய நாடு தழுவிய பதிவு எண் தேவை. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமான 2024/1028 எண் ஒழுங்குமுறை 2026 மே 20 முதல் நடப்புக்கு வரும் வகையில் இயற்றப்பட்டது. பதிவுமுறை உள்ள இடங்களில் தளங்கள் எண்ணைக் காட்டுவதோடு, எத்தனை இரவுகள் எத்தனை பேர் தங்கினார்கள் என்ற விவரத்தையும் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். ஹவாயில் தங்கல் வரிப் பதிவு எண்ணையும், அதே தீவில் உள்ள தொடர்பாளர் விவரத்தையும் விளம்பரத்தில் கொடுக்க வேண்டும்.

ஆகவே படங்களையும் விவரணையையும் எழுதி வைத்துக்கொண்டாலும், விளம்பரத்தை மறைத்தே வையுங்கள். சில ஊர்களில் விண்ணப்பித்ததும் ஒப்புகை எண் ஒன்று தருவார்கள். அது விண்ணப்பம் வந்து சேர்ந்தது என்பதற்கான எண்தான், அனுமதி எண் அன்று. அதை விளம்பரத்தில் போட்டு அபராதம் கட்டியவர்கள் இருக்கிறார்கள். அபராதம் சிறு தொகை என்றும் எண்ணாதீர்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பைத் தடையை மீறிக் குறுகிய காலத்துக்கு விட்டால் 2,00,000 சிங்கப்பூர் டாலர் வரை விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

6. தங்கல் வரி: யார் வசூலிப்பது, எதன் மேல், எவ்வளவு

இது உங்கள் வருமானத்தின் மேல் வரும் வரி அன்று. விருந்தினர் கட்டும் வரியை நீங்கள் வசூலித்து அரசுக்குச் செலுத்துகிறீர்கள். ஆகவே உங்களுக்கு நட்டமே வந்திருந்தாலும் இதைக் கட்டியாக வேண்டும். வசூலிக்க மறந்திருந்தால் உங்கள் கையிலிருந்து போகும்.

கணக்கிடும் முறை இரு வகை. பெர்லினில் 2025 முதல் தங்கல் கட்டணத்தில் 7.5 விழுக்காடு, ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் 12.5 விழுக்காடு என்று விகிதமாக வசூலிக்கிறார்கள். ஸ்பெயினில் பார்சிலோனா அமைந்துள்ள கட்டலோனியா மாநிலத்தில் ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கிடுகிறார்கள். தொடர்ந்து தங்கினால் 7 இரவுகளுக்கு மேல் வசூலிப்பதில்லை, 16 வயது வரையிலான பிள்ளைகளுக்கும் வரி இல்லை. ஆள் கணக்கு உள்ள ஊரில் விருந்தினரின் வயதையும் எண்ணிக்கையையும் எழுதி வைத்தால்தான் விலக்கைக் கோர முடியும்.

விகிதக் கணக்கில் அடிப்படைத் தொகை எது என்பதுதான் பெரும்பாலோர் சறுக்கும் இடம். ஓர் இரவுக்கு 100 வீதம் மூன்று இரவுகள், துப்புரவுக் கட்டணம் 60 என்று வைத்துக்கொள்வோம். வரி 10 விழுக்காடு என்றால், 300இன் மேல் 30 கட்ட வேண்டுமா, 360இன் மேல் 36 கட்ட வேண்டுமா? விருந்தினர் தவிர்க்க முடியாமல் கட்டும் தொகை எல்லாம் அடிப்படையில் சேரும் என்பது பல இடங்களின் விதி. நான் 30 என்றே கட்டி வந்தேன். ஒவ்வொரு தங்கலிலும் விடுபட்ட அந்த 6 ஓராண்டுக்குச் சேர்ந்து, வட்டியோடு ஒரே அறிவிப்பாக வந்தது. திருப்பித் தர வேண்டிய முன்வைப்புத் தொகை பொதுவாகச் சேராது. ஆனால் சேதத்துக்காக அதில் பிடித்துக்கொண்ட பகுதி சேருமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முன்பதிவுத் தளம் வரியை வசூலித்துக் கட்டிவிடுகிறது என்று கேள்விப்பட்டால் மூன்று செய்திகளை எழுத்தில் உறுதி செய்யுங்கள். எந்த வரியை? நாட்டு அளவிலான வரியைத் தளம் கட்டி, நகராட்சி வரியை உங்களிடமே விட்டிருக்கலாம். எந்த நாளிலிருந்து? நேரடியாக வந்த விருந்தினருக்கு என்ன? கடைசிக் கேள்விக்கு விடை எப்போதும் ஒன்றுதான்: அது முழுக்க உங்கள் பொறுப்பு.

பதிவு செய்த பிறகு விருந்தினரே வராத மாதத்திலும் பூஜ்யக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டிய ஊர்கள் பல. வருமானம் இல்லாத மாதத்துக்குத் தாமதக் கட்டணம் வரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை, ஆனால் வரும். தளமே எல்லா வரியையும் கட்டினாலும் கணக்குத் தாக்கலிலிருந்து உங்களுக்கு விலக்கு உண்டா என்பது தனிக் கேள்வி.

7. பொது விற்பனை வரியும் வருமான வரியும்

ஜிஎஸ்டி, வாட் போன்ற பொது வரிகளில் முதலில் பார்க்க வேண்டியது பதிவுக்கான ஆண்டு விற்றுமுதல் வரம்பு. இந்தியாவில் பெரும்பாலான மாநிலங்களில் சேவைகளுக்கு அது 20 லட்சம் ரூபாய். அந்த வரம்புக்குள் இருந்து பதிவு செய்யாத சிறு உரிமையாளர்களுக்காக, இணையத் தளம் வழியாக வரும் தங்கல்களின் ஜிஎஸ்டியைத் தளமே கட்ட வேண்டும் என்று மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 9(5) பிரிவின் கீழ் ஏற்பாடு உள்ளது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 18 விழுக்காடு. வரம்பு என்பது உங்கள் பெயரில் வரும் எல்லாத் தொழில் வருவாயையும் கூட்டியே பார்க்கப்படும் என்பதை மறக்க வேண்டாம். வேறு கடையோ ஆலோசனைத் தொழிலோ இருந்தால் அதுவும் சேரும்.

வருமான வரியில் இந்த வருவாய் வீட்டுச் சொத்து வருமானமா, தொழில் வருமானமா என்பதைப் பொறுத்தே எந்தச் செலவுகளைக் கழிக்கலாம் என்பது அமையும். இதற்கு மட்டும் ஒரு முறை ஆடிட்டரிடம் போய்விடுங்கள். அந்தக் கட்டணம் வீண் போகாது. பழைய கட்டுரைகளை நம்பிச் சலுகையை எதிர்பார்க்கவும் வேண்டாம். பிரிட்டனில் விடுமுறைக்கால வீடுகளுக்கென்று இருந்த தனி வரிச் சலுகை 2025 ஏப்ரலோடு நீக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கக் கூட்டரசு வரியில், தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டில் 14 நாட்களுக்கு மேல் வாடகைக்கு விடாதவர் அந்த வாடகையை வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. 15ஆவது நாளில் அந்த விலக்கு முழுவதும் போய்விடும்.

தளங்கள் உங்கள் வருவாயை வரித்துறைக்கு நேரடியாகத் தெரிவிக்கின்றன என்பதையும் மனத்தில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதலும், பிரிட்டனில் 2024 முதலும் இது சட்டக் கடமை. அவர்கள் தெரிவிக்கும் தொகை பல நேரங்களில் விருந்தினர் கட்டிய மொத்தத் தொகையாக இருக்கும். உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்ததோ தரகு கழித்த மீதி. வங்கிக் கணக்கைப் பார்த்து வருமானத்தை எழுதினால் இரண்டும் ஒத்துப்போகாமல் விளக்கம் கேட்டு அறிவிப்பு வரும். மொத்தத் தொகையை வருமானமாகக் காட்டி, தரகைச் செலவாகக் கழியுங்கள். அதற்குத் தளத்தின் மாதாந்திர அறிக்கைகளை மாதம் முடிந்ததுமே பதிவிறக்கி வையுங்கள்.

வீட்டுப் பயன்பாட்டுக்கான சொத்து வரி விகிதமும் மின்கட்டண விகிதமும் வணிகப் பயன்பாட்டு விகிதத்துக்கு மாறுமா என்பதை இதே கட்டத்தில் கேட்டுவிடுங்கள். சொல்லாமல் இருந்து பின்னர் கண்டுபிடிக்கப்பட்டால், வித்தியாசத்தை முன்தேதியிட்டு வசூலிப்பார்கள்.

8. விருந்தினர் விவரங்களைப் பதிவு செய்தல்

இத்தாலியில் விருந்தினர் வந்த 24 மணி நேரத்துக்குள் அவர் விவரங்களைக் காவல்துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஸ்பெயினில் விவரங்களை அதிகாரிகளுக்கு அனுப்புவதோடு 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். இந்தியாவில் வெளிநாட்டு விருந்தினரை ஏற்பவர் 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஜப்பானில் தங்கியவர்களின் எண்ணிக்கையை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை அறிக்கையாகத் தர வேண்டும். இதற்கான இணையக் கணக்கின் கடவுச்சொல் கிடைக்கவே சில நாட்கள் ஆகலாம் என்பதால் முதல் விருந்தினர் வரும் முன்பே திறந்து வையுங்கள். கடவுச்சீட்டுப் படங்களைக் கைப்பேசியில் குவித்து வைக்காதீர்கள். சட்டம் கேட்கும் விவரங்களை மட்டும் எழுதிக்கொண்டு, சட்டம் சொல்லும் காலம் முடிந்ததும் அழித்துவிடுங்கள்.

9. செலவும் காலமும்

விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் வைத்துச் செலவைக் கணிப்பவர்கள் ஏமாந்து போகிறார்கள். எனக்கு அது எல்லாவற்றிலும் சிறிய தொகையாக இருந்தது. எச்சரிக்கைக் கருவிகளும் சன்னல் வேலையும், மின் ஆய்வாளர் கட்டணம், கூடுதல் காப்பீட்டுத் தவணை, மறு ஆய்வு, கணக்கர் கட்டணம் ஆகியவற்றோடு, அனுமதிக்குக் காத்திருக்கும் மாதங்களில் வருமானமின்றிக் கட்டும் கடன் தவணையையும் சேர்த்துப் பாருங்கள். அந்தக் கடைசிச் செலவுதான் எனக்கு மிகப் பெரியதாக இருந்தது.

காலத்தைப் பொறுத்தவரை, விண்ணப்பம் பற்றிய அறிவிப்பை வீட்டருகே ஒட்டி அக்கம்பக்கத்தவரின் ஆட்சேபணைக்கு இடம் தரும் முறை உள்ள ஊர்களில் அந்த நாட்களை யாராலும் குறைக்க முடியாது. ஸ்காட்லாந்தில் அது 21 நாட்கள், முடிவெடுக்க உள்ளாட்சி மன்றத்துக்கு 9 மாதங்கள் வரை அவகாசம். அறிவிப்பு ஒட்டும் முன் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். குப்பை எங்கே வைக்கப்படும், வண்டி எங்கே நிற்கும், இரவில் சத்தம் வந்தால் யாரை அழைக்க வேண்டும் என்ற மூன்றுக்கும் ஒரு தாளில் விடை எழுதிக் கொடுத்தேன். எங்கள் தெருவில் ஒருவர்கூட ஆட்சேபணை தரவில்லை. விடுமுறைக் காலத்துக்குள் தொடங்க விரும்பினால் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன் முதல் படியில் கால் வையுங்கள்.

10. புதுப்பித்தலும் நிறுத்தலும்

அனுமதிக் காலம், காப்பீடு, எரிவாயுச் சான்று, தீயணைப்பான், வரித் தாக்கல் தேதிகள் ஆகிய ஐந்தையும் ஒரே நாட்காட்டியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 60 நாட்களுக்கு முன் நினைவூட்டல் வையுங்கள். அனுமதி முடியும் நாளுக்குப் பிந்தைய முன்பதிவுகளை, புதுப்பித்தல் கைக்கு வரும் வரை ஏற்காதீர்கள். பெரும்பாலான ஊர்களில் அனுமதி தனிநபருக்கு வழங்கப்படுகிறது. வீட்டை விற்றால் வாங்குபவர் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வருமானத்தை நம்பி நீண்ட காலக் கடன் வாங்குபவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும்: பார்சிலோனா நகராட்சி, தன்னிடம் உள்ள பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாக் குடியிருப்பு உரிமங்களை 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிப்பதில்லை என்று 2024இலேயே அறிவித்துவிட்டது.

நிறுத்த முடிவு செய்தால் விளம்பரத்தை நீக்குவதோடு விட்டுவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் வெளியூருக்குக் குடிபெயர்ந்து வீட்டை நீண்ட கால வாடகைக்கு விட்டுவிட்டார்; தங்கல் வரிப் பதிவை மட்டும் ரத்து செய்யவில்லை. தாக்கல் செய்யாத பூஜ்யக் கணக்குகளுக்கான அபராத அறிவிப்புகள் பழைய முகவரிக்கே ஓராண்டு வந்துகொண்டிருந்தன. அங்கே குடியிருந்தவர் அவற்றை ஒரு பையில் சேர்த்து வைத்துக் கொடுத்தபோதுதான் இவருக்குத் தெரிந்தது. கடைசி விருந்தினர் போன பிறகு இறுதிக் கணக்கைத் தாக்கல் செய்து, பதிவை ரத்து செய்து, ரத்தான நாள் குறிப்பிட்ட கடிதத்தை வாங்கி, கிரையப் பத்திரம் வைத்திருக்கும் அதே கோப்பில் வையுங்கள்.